தொலைந்த சுவடியும் துப்பறியும் கதையும்: சிங்கப்பூரிலிருந்து ஒரு நோக்கு

முன்னுரை

தொன்மையான சுவடி ஒன்று மறைந்து கிடக்கிறது. அதனைத் தேடி அறிஞர் சிலர் புறப்படுகின்றனர். அவர்களுள் ஒருவர் கொல்லப்படுகிறார். எஞ்சியோர் குறிப்புகளைக் கோத்து வழிகண்டு செல்கின்றனர். இறுதியில் சுவடி கிடைக்கிறது, அல்லது கண்முன்னே எரிந்து போகிறது. இவ்வமைப்புடைய மர்ம நாவல்கள் கடந்த அரை நூற்றாண்டாக உலக மொழிகள் பலவற்றிலும் விரும்பிப் படிக்கப்படுகின்றன. தமிழிலும் சித்தர் ஏடு, கோயிற் புதையல், மறைந்த மருத்துவச் சுவடி ஆகியவற்றை மையமாகக் கொண்ட தொடர்கதைகளுக்கு வார இதழ்களில் நிலையான வாசகர் உண்டு.

சுவடியைத் தேடிச் சென்ற அறிஞர்களின் வரலாறு தமிழுக்குப் புனைவன்று. பழந்தமிழ் இலக்கியம் நம் கைக்கு வந்து சேர்ந்த வழியே அதுதான். எனவே இவ்வகை நாவலை மதிப்பிடுவதற்குத் தமிழ் வாசகரிடம் ஏனையோரிடம் இல்லாத ஓர் அளவுகோல் இருக்கிறது. அந்த அளவுகோலைக் கொண்டு, மர்ம நாவல் சுவடியின் அழிவையும் மீட்பையும் எவ்வாறு காட்டுகிறது, அக்காட்சி எந்த அளவுக்கு உண்மையோடு பொருந்துகிறது, சிங்கப்பூர்த் தமிழ்ப் புனைகதைக்கு அதனால் அறியக் கிடைப்பது யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1887: ஓர் ஒப்புமை

துப்பறியும் கதையும் சுவடிப் பதிப்பும் ஒரே காலத்தில் வளர்ந்தவை. ஆர்தர் கோனன் டாயில் படைத்த ஷெர்லாக் ஹோம்ஸ் முதன்முதலாக அச்சில் தோன்றிய ஆண்டு 1887. அதே ஆண்டில் உ.வே.சாமிநாதையர் சீவகசிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையுடன் வெளியிட்டார், யாழ்ப்பாணத்துச் சி.வை.தாமோதரம் பிள்ளை கலித்தொகையை வெளியிட்டார். சிங்கப்பூரில் சி.கு.மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' வார இதழைத் தொடங்கியதும், யாழ்ப்பாணம் சதாசிவ பண்டிதரின் 'சிங்கைநகரந்தாதி' அச்சானதும் அவ்வாண்டிலேயே ஆகும்.

இவை ஒன்றையொன்று அறிந்து நிகழ்ந்தவை அல்ல. ஆயினும் இவ்வொப்புமை வெறும் தற்செயல் என்று விட்டுவிடத்தக்கதும் அன்று. இத்தாலிய வரலாற்றறிஞர் கார்லோ கின்ஸ்பர்க் 1979இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சிறு தடயத்தைக் கொண்டு பெரிய உண்மையை ஊகிக்கும் அறிவுமுறை ஒன்று பல துறைகளிலும் தலைதூக்கியதை எடுத்துக்காட்டினார். ஓவியத்தில் காதுமடலின் வடிவத்தைக் கொண்டு ஓவியனைக் கண்டறிந்த மோரெல்லி, நோயாளியின் வாய்தவறிய சொல்லைப் பற்றிக்கொண்ட ஃபிராய்டு, சாம்பலையும் சேற்றையும் ஆராய்ந்த ஹோம்ஸ் ஆகிய மூவரையும் அவர் ஒரு வரிசையில் நிறுத்துகிறார். ஏட்டின் ஓரம் முறிந்த இடத்தில் எதுகையைக் கொண்டு சொல்லை ஊகித்த தமிழ்ப் பதிப்பாசிரியரையும் நாம் அவ்வரிசையில் நான்காமவராக நிறுத்தலாம். ஆகவே அறிஞரைத் துப்பறிவாளராகக் காட்டும் நாவலின் அடிப்படைக் கருத்து பிழையானதன்று. அக்கருத்தை நாவல் கையாளும் முறையே ஆய்வுக்குரியது.

எக்கோவின் நாவல்

இவ்வகையின் தலைசிறந்த படைப்பாகக் கருதப்படுவது, ரோஜாவின் பெயர் எனப் பொருள்படும் தலைப்பில் உம்பர்த்தோ எக்கோ 1980இல் இத்தாலிய மொழியில் வெளியிட்ட நாவலாகும். கதை 1327ஆம் ஆண்டில் வட இத்தாலிய மடம் ஒன்றில் நிகழ்கிறது. அரிஸ்டாட்டிலின் கவிதையியலில் நகைச்சுவை பற்றிய இரண்டாம் பகுதி மறைந்துவிட்டது என்பது இலக்கிய வரலாற்றுச் செய்தி. அதன் ஒரே படி அம்மடத்து நூலகத்தில் ஒளித்துவைக்கப்பட்டிருப்பதாக எக்கோ புனைகிறார். நகைப்பு இறையச்சத்தைக் குலைக்கும் என்று கருதும் கண்ணிழந்த முதிய துறவி யோர்கே அந்நூலின் தாள்களில் நஞ்சு தடவுகிறார். விரலை நாவில் நனைத்துத் தாளைப் புரட்டுவோர் ஒருவர்பின் ஒருவராக இறக்கின்றனர். அவற்றை ஆராய வரும் வில்லியம் என்னும் துறவி பாஸ்கர்வில் என்ற ஊரினர். அவ்வூர்ப்பெயர் ஹோம்ஸ் கதையொன்றை நினைவூட்டவே இடப்பட்டது.

இந்நாவலின் சிறப்பு, தான் சார்ந்த வகையின் வாக்குறுதியைத் தானே மறுப்பதில் உள்ளது. கொலைகள் விவிலியத்தின் இறுதி நூலில் கூறப்படும் வரிசைப்படி நிகழ்கின்றன என்று வில்லியம் கருதுகிறார். அக்கருத்துப் பிழை. பிழையான கருத்தைப் பின்பற்றியே அவர் உண்மையான குற்றவாளியை அடைகிறார். நூல் கைக்கெட்டும் வேளையில் யோர்கே அதன் தாள்களைக் கிழித்து உண்கிறார். விளக்கு வீழ்ந்து நூலகமே எரிகிறது. பல ஆண்டுகளுக்குப்பின் மாணவன் அத்சோ அவ்விடிபாடுகளுக்கு மீண்டும் வந்து, கருகிய தாள்துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்துத் தனக்கெனத் துண்டுகளால் ஆன ஒரு சிறு நூலகம் அமைத்துக்கொள்கிறான். சுவடிப்பணியின் இயல்பை அறிந்த ஒருவரே இப்பகுதியை எழுதியிருக்க முடியும். முத்தொள்ளாயிரத்தையும் தகடூர் யாத்திரையையும் புறத்திரட்டிலும் உரைமேற்கோள்களிலும் எஞ்சிய செய்யுள்களாக மட்டுமே பயில்கின்ற நமக்கு அத்சோவின் நூலகம் புதியதன்று.

எனினும் ஓரிடத்தில் எக்கோவும் மர்ம நாவலின் பழக்கத்துக்கு உடன்படுகிறார். நூல் அழிவதற்கு அதனை அஞ்சும் ஒருவன் வேண்டும் என்பதே அப்பழக்கம். யோர்கே கொடியவராயினும் அந்நூலின் ஆற்றலை முழுவதும் உணர்ந்தவர். தம்மை அழித்தவனாலேனும் மதிக்கப்பட்ட நூல்களே இவ்வகை நாவல்களில் அழிகின்றன. நூலை விரும்புவோர்க்கு இது ஆறுதல் தரும் கற்பனை. தமிழ்ச் சுவடிகளின் வரலாறு இவ்வாறுதலைத் தருவதில்லை.

பகைவன் இல்லாத அழிவு

பனையோலை ஏடு சில தலைமுறைகளுக்கு ஒருமுறை படியெடுக்கப்பட வேண்டும். படியெடுப்பார் இல்லையெனில் எவருடைய பகையும் இன்றியே அது மடியும். உ.வே.சா. தம் 'என் சரித்திரத்தில்' கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் நேர்ந்ததை எழுதுகிறார். அங்கிருந்த பழைய ஏடுகளைப் பற்றி வினவியபோது, அவை நெய்யில் தோய்த்து வேள்வித் தீயில் இடப்பட்டுவிட்டன என்ற விடை கிடைத்தது. பழுதடைந்த ஏடுகளை அவ்வாறு செய்ய வேண்டுமென்று விதி இருப்பதாக அதற்குக் காரணமும் கூறப்பட்டது. இங்கே யோர்கே இல்லை. அச்செயல் செய்தவர் நூலின்மேல் பகை கொண்டவரல்லர். தம்மளவில் மரியாதையே செய்தவர். ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்டோரின் செயலும் இத்தகையதே.

சமயப் பகையால் சமண பௌத்த நூல்கள் அழிந்தன என்னும் கருத்து இங்கு எழக்கூடும். வளையாபதியும் குண்டலகேசியும் சில செய்யுள்களாகக் குறைந்துபோனமையை நோக்க, அக்கருத்தை முற்றிலும் புறந்தள்ள இயலாது. ஆயினும் சமண காப்பியமாகிய சிந்தாமணிக்குச் சமணரல்லாத நச்சினார்க்கினியர் உரை கண்டார். சைவ மடங்கள் அவ்வேடுகளைக் காத்து வைத்திருந்தன. சோழ மன்னனின் மனத்தைச் சிந்தாமணியிலிருந்து திருப்பவே பெரியபுராணம் பாடப்பட்டது என்னும் மரபுச் செய்தியும், எதிர்நூல் செய்ததைக் கூறுகிறதேயன்றி ஏட்டைக் கொளுத்தியதைக் கூறவில்லை. பகை ஒரு நூலைப் பிறர் நினைவில் நிறுத்துவதும் உண்டு. புறக்கணிப்போ அதனைச் சுவடின்றி நீக்குகிறது. மர்ம நாவல் பகைவனைப் படைக்கும்போது உண்மைக் காரணத்தை மறைத்துவிடுகிறது. அக்காரணம் அந்நூலைப் படிக்காதுவிட்ட அனைவரிடத்தும் உள்ளது.

மரபில் உள்ள இரு மர்மக் கதைகள்

தொலைந்த நூல் பற்றிய கதை தமிழுக்கு மேலைநாட்டிலிருந்து வந்ததன்று. உமாபதி சிவாசாரியார் இயற்றியதாகக் கருதப்படும் திருமுறைகண்ட புராணம், தேவார ஏடுகள் தில்லைக் கோயில் அறையொன்றில் பூட்டிக் கிடந்ததைக் கூறுகிறது. பாடிய மூவரும் நேரில் வந்தாலன்றி அறை திறக்கப்படாது என்று தில்லை அந்தணர் மறுக்கின்றனர். மன்னன் மூவர் திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்து, மூவரும் வந்துவிட்டனர் என்கிறான். பூட்டிய அறைக்குள் நுழையும் வழியைச் சொல்லின் பொருளுக்குள்ளேயே கண்டெடுக்கும் இவ்வுத்தி எந்தத் துப்பறியும் கதைக்கும் பெருமை சேர்க்கும்.

அறையைத் திறந்தால் ஏடுகளைப் புற்று மூடியிருக்கிறது. எண்ணெய் சொரிந்து எடுத்தபோது பெரும்பகுதி அழிந்தமை தெரிகிறது. மன்னன் கலங்க, இக்காலத்துக்கு வேண்டுவனவற்றை மட்டும் வைத்து ஏனையவற்றை மறைத்தோம் என்று வானொலி எழுகிறது. குற்றவாளி கறையான், தீர்ப்போ இறைவனின் அருள். இத்தீர்ப்பு எஞ்சிய பதிகங்களுக்கு நிறைவைத் தருகிறது. அதோடு மேலும் தேட வேண்டும் என்ற எண்ணத்தையும் அது அடக்கிவிடுகிறது என்பது நாம் கருதத்தக்கது. இழப்புக்கு நோக்கம் கற்பித்துவிட்டால் இழந்ததைத் தேடும் கடமை நீங்கிவிடுகிறது.

இறையனார் களவியல் உரை கூறும் கதை இதனின் வேறுபட்டது. பன்னீராண்டு வற்கடத்துக்குப்பின் பாண்டியன் புலவர்களைத் திரட்டுகிறான்; எழுத்தும் சொல்லும் வல்லார் கிடைக்கின்றனர், பொருளதிகாரம் வல்லார் கிடைக்கவில்லை. அறுபது சூத்திரங்கள் பொறித்த செப்பிதழ்கள் இறைவன் பீடத்தின் கீழ்க் கண்டெடுக்கப்படுகின்றன. மர்ம நாவலாயின் இங்கே முடிந்துவிடும். களவியல் உரையிலோ சிக்கலே இங்குத்தான் தொடங்குகிறது. நூல் கிடைத்தது, அதன் உண்மைப் பொருள் யாது? புலவர் பலரும் உரைக்கின்றனர். ஐந்து வயதினனும் வாய்பேசாதவனுமாகிய உருத்திரசன்மன் நடுவனாக இருந்து கேட்கிறான். நக்கீரர் உரைக்குச் சொல்தோறும் அவன் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்க்கிறது. அதுவே மெய்யுரை என்று துணியப்படுகிறது. இது வரலாறு அன்று. எனினும் நூல் எங்குள்ளது என்பதினும் நூல் என்ன சொல்கிறது என்பதே பெரிய மர்மம் என்னும் தெளிவு இக்கதையில் உள்ளது.

கையில் இருந்தும் தொலைந்த நூல்

இத்தெளிவை வாழ்க்கையாகக் காட்டும் நூல் 'என் சரித்திரம்'. ஆனந்த விகடனில் 1940 முதல் தொடராக வந்து, 1942இல் ஆசிரியர் மறைவால் முற்றுப்பெறாமல் நின்ற இந்நூலை வரலாற்று ஆவணமாகவே பெரும்பாலோர் பயில்கின்றனர். தேடற்கதை என்னும் முறையில் அதன் அமைப்பு தனியே ஆராயத்தக்கது. குடந்தைக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியாரை உ.வே.சா. சந்தித்தது 1880இல். தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் அடுக்கிக் கூறியவரிடம், அவற்றுக்கு முற்பட்ட நூல்களைப் பற்றி முதலியார் வினவுகிறார். சிந்தாமணிச் சுவடியையும் அளிக்கிறார்.

மர்ம நாவலில் நூலின் சிறப்பு எல்லார்க்கும் தெரியும், நூல்தான் கிடைக்காது. இங்கோ நூல் தொடக்கத்திலேயே கையில் இருக்கிறது; அதனைப் படித்தறியும் வழிதான் தொலைந்திருக்கிறது. அச்சேறுவதற்கு முன் கழிந்த ஏழு ஆண்டுகளில் ஏடு திரட்டும் அலைச்சலோடு, நச்சினார்க்கினியர் பெயர் சுட்டாது எடுத்தாண்ட மேற்கோள்கள் எந்நூலுக்கு உரியன, சமணக் கொள்கைச் சொற்களின் பொருள் யாது என்னும் ஆராய்ச்சியும் நடைபெற்றது. குறிஞ்சிப்பாட்டின் மலர்ப்பெயர் வரிசையில் விடுபட்டிருந்த பகுதியைத் தருமபுர ஆதீனத்துச் சுவடியில் கண்ட நிகழ்ச்சியும் இத்தகையதே. எந்த அடி இல்லை என்று முன்னரே அறிந்திருந்தவர்க்கே அது அங்கே கிடைத்தது.

சிந்தாமணியின் ஐயங்களைத் தீர்த்தவர்கள் குடந்தையில் வாழ்ந்த சமணர்கள். அவர்களுக்கு அந்நூல் தொலைந்திருக்கவே இல்லை. அவர்கள் இல்லங்களில் அது பயிலப்பட்டு வந்தது. ஆகவே ஒரு நூல் தொலைந்தது என்று கூறும்போது, யாருக்குத் தொலைந்தது என்னும் வினாவும் உடன் எழ வேண்டும். மர்ம நாவல்கள் பெரும்பாலும் இவ்வினாவை எழுப்புவதில்லை. வெளியிலிருந்து வரும் அறிஞர் கண்டபொழுதுதான் நூல் உளதாகிறது என்பது அவற்றின் உட்கிடை. சமணக் குடும்பங்களின் உதவியை மறைக்காது எழுதிய உ.வே.சா. இவ்வகையில் நாவலாசிரியர் பலரினும் நேர்மையானவர்.

சிங்கப்பூரின் தொலைந்த எழுத்து

இவ்வினாக்களோடு சிங்கப்பூரை நோக்குவோம். சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் 1819இல் கண்டறியப்பட்ட பெருங்கல்லில் ஏறத்தாழ ஐம்பது வரி எழுத்து இருந்தது. ஏறக்குறைய மூன்று மீட்டர் உயரமிருந்த அக்கல் 1843இல் கட்டுமானப் பணிக்காக வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. கர்னல் ஜேம்ஸ் லோ சில துண்டுகளைக் காத்துக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். அவற்றுள் ஒன்று இன்று சிங்கப்பூர்த் தேசிய அரும்பொருளகத்தில் உள்ளது. மலாக்காவில் தமிழும் கற்று வளர்ந்த முன்ஷி அப்துல்லா தம் வரலாற்று நூலில் அத்தகர்ப்பை வருந்தி எழுதியுள்ளார். ராஃபிள்ஸ் திரட்டிய சுவடிச் செல்வம் 1824இல் 'ஃபேம்' கப்பலோடு எரிந்ததையும் அவர் பதிவுசெய்கிறார். அத்தீக்குக் காரணம் சாராயம் எடுக்கச் சென்ற பணியாளனின் மூடாத விளக்கு. எக்கோவின் நூலகத்தை எரித்ததும் விளக்குத்தான். ஆனால் இங்கே நூலை அஞ்சியவர் எவரும் இலர்.

எஞ்சிய கற்றுண்டில் 'கேசரிவ' என்னும் எழுத்துத் தொடர் இருக்கலாம் என்றும், அது சோழர் பட்டமாகிய பரகேசரிவர்மன் என்பதன் பகுதியாகலாம் என்றும் இயன் சின்கிளேர் என்னும் ஆய்வாளர் அண்மையில் முன்மொழிந்துள்ளார். இஃது ஆய்வுக்குரிய கருத்தேயன்றி முடிந்த முடிபன்று. இக்கருத்தை வைத்துச் சிராங்கூன் சாலைக் கோயிலிலிருந்து ஃபோர்ட் கேனிங் குன்றுவரை அறிஞர்கள் ஓடும் மர்ம நாவல் ஒன்றை எவரும் எளிதில் கற்பனை செய்யலாம். லிட்டில் இந்தியாவின் தெருக்கள் அதற்கு வண்ணமிகு பின்புலமாகும். அத்தகைய நாவலின் குறை, வாசகர் கேட்க விரும்பும் விடையை முன்னரே வைத்துக்கொண்டு தடயங்களை அதற்கேற்ப அடுக்குவதாகும். சோழப் பெருமை நிலைநாட்டப்படும். கல்லின் பெரும்பகுதி இனி ஒருபோதும் படிக்கப்படாது என்ற உண்மை மறைந்துபோகும்.

சிங்கப்பூர்த் தமிழர்க்கு இதனினும் அணுக்கமான மர்மங்கள் உள்ளன. இங்கு அச்சாகி இன்று கிடைக்கும் நூல்களுள் மிகப் பழையதாகக் கருதப்படும் 'முனாஜாத்துத் திரட்டு' 1872இல் வெளிவந்தது. முகம்மது அப்துல் காதிறுப் புலவர் இயற்றிய இவ்விசுலாமியப் பக்திப் பாடல் தொகுப்பின் படி இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருந்து அறியப்பட்டது. 'சிங்கை வர்த்தமானி' (1875), 'ஞானசூரியன்' (1882) ஆகிய இதழ்களோ நமக்குப் பெயரளவிலேயே எஞ்சியுள்ளன. ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய பத்துப்பாட்டு முழுமையாகக் கிடைத்திருக்க, நூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய செய்தித்தாளின் ஓர் இதழும் நம் பார்வைக்கு வாராமை சிந்திக்கத்தக்கது. பாட்டுக்கு மனப்பாடம் செய்வாரும் உரைசெய்வாரும் படியெடுப்பாரும் இருந்தனர். செய்தித்தாளுக்கு மறுநாளே மதிப்பில்லை.

இத்தகைய எழுத்தைக் காத்தவர்கள் மர்ம நாவலில் இடம்பெறாதவர்கள். அச்சிடுவோர் தம் வெளியீட்டின் படிகளை அரசுக்கு அளிக்குமாறு பணித்தது 1886ஆம் ஆண்டின் நீரிணைக் குடியேற்ற நாடுகளின் நூற்பதிவுச் சட்டம். அச்சட்டத்தின்படி பெயரும் விலையும் குறித்துவைத்தவர் ஓர் எழுத்தர். மலேசிய சிங்கப்பூர்த் தமிழ் வெளியீடுகளைத் தேடி 1969இல் மலாயாப் பல்கலைக்கழக நூலகத்தின் வாயிலாகப் பட்டியலிட்டவர் இராம சுப்பையா. மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்த 1950களில், கோ.சாரங்கபாணி தமிழ் முரசின் வாயிலாகத் தொடங்கிய 'தமிழ் எங்கள் உயிர்' நிதிக்குச் சிறுதொகை அளித்து இந்தியவியல் துறையின் தமிழ் நூல் திரட்டுக்குத் துணைநின்றவர்கள் எளிய வாசகர்கள். சிங்கப்பூரின் ஐம்பதாம் ஆண்டு நிறைவை ஒட்டி 2015இல், 1965க்குப் பிந்தைய தமிழிலக்கிய நூல்கள் மின்வடிவம் பெற்றமையும் இவ்வரிசையில் சேர்வது. அம்முயற்சி தொடங்கும் ஆண்டுக்கு முற்பட்டனவே எளிதில் தொலையக்கூடியன என்பதும் உடன் நினைக்கத்தக்கது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் சுவடி தேடும் மர்ம நாவலை மதிப்பிட மூன்று வினாக்கள் பெறப்படுகின்றன. நூலின் அழிவுக்கு அந்நாவல் ஒரு பகைவனை மட்டும் காட்டி அமைகிறதா, படிக்காதுவிட்டோரையும் காட்டுகிறதா? நூல் கிடைத்ததோடு முடிகிறதா, அதன் பொருளைக் காணும் உழைப்பையும் கதையாக்குகிறதா? யாருக்கு அந்நூல் தொலைந்தது என்று கேட்கிறதா? எக்கோவின் நாவல் இரண்டாம் வினாவுக்குச் சிறப்பாகவும் ஏனையவற்றுக்கு ஓரளவும் விடைதருகிறது. புனைவல்லாத 'என் சரித்திரம்' மூன்றுக்கும் விடைதருகிறது. மரபுக் கதைகளுள் திருமுறைகண்ட புராணம் இழப்பை ஆற்றுகிறது. களவியல் உரைக் கதை பொருளைத் தேடச் சொல்கிறது.

சிங்கப்பூரில் எழுதப்படவுள்ள இவ்வகைத் தமிழ் நாவலுக்குச் சோழர் புதையல் இன்றியமையாததன்று. பதிவேட்டில் உள்ள பெயர் ஒன்று, அப்பெயருக்குரிய தாள் ஒன்றும் கிடைக்காமை, அதனைத் தேடுவோர் ஒருவர் ஆகிய மூன்றுமே போதுமானவை. தேடல் தோல்வியில் முடியினும் நாவல் குறைவுபடாது. பெயர் மட்டும் எஞ்சிய 'சிங்கை வர்த்தமானியின்' ஓர் இதழ் எவர் வீட்டுப் பெட்டியிலேனும் இன்றும் இருக்குமாயின், அதனை வைத்திருப்பவர்க்கு அது தொலைந்த நூலன்று, பழைய தாள். அவ்வீட்டுக் கதவைத் தட்டுபவரைப் பற்றிய கதையே நமக்கு இனி வேண்டப்படுவது.